வெள்ளையில் எஸ் சைஸ் இல்லை

போன மாதம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில், கப்பலேற ஒட்டி வைத்திருந்த பெட்டிகளைத் திரும்பப் பிரித்தார்கள். சரக்கை வாங்கும் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்‌ஷன்காரர் ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறார். அந்தப் பெட்டி போக வேண்டிய கடை கேட்காத, வேறு கடைகளுக்கென்று தைத்த எஸ் சைஸ் வெள்ளை டி-ஷர்ட் உள்ளே இருந்தது. இன்னொன்றைத் திறந்தார். அதிலும் அப்படியே.

அந்தக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவன் நான்.

முன்பெல்லாம் எந்தப் பெட்டியில் என்ன போடுவது என்று பேப்பரில் எழுதித் தருவார்கள். நான் போய் அதை எடுத்துவிட்டு பேக்கிங் டேபிளுக்கு மேலே ஒரு ஸ்கிரீன் மாட்டினேன். கலர், சைஸ், எத்தனை பீஸ் — எல்லாம் அதில் வரும். பெட்டியை மூடி பட்டனைத் தட்டினால் அடுத்த பெட்டியின் கணக்கு வந்துவிடும். முந்தினது போய்விடும்.

முதலாளி எல்லோரையும் பேக்கிங் ஹாலுக்குக் கூப்பிட்டார். டேபிளில் வேலை பார்த்தவர் மரகதம். தாராபுரத்துப் பக்கத்துக்காரர், பதினோரு வருஷமாக அதே வேலை.

“ஸ்கிரீன்ல அப்படித்தானுங்க காட்டுச்சு. பெட்டி மூடவே மாட்டேங்குதுன்னு சூப்பர்வைசர்கிட்டயும் சொன்னனுங்க” என்றார்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். ஏனென்றால் பேக்கிங் நடந்த அன்றைக்கே அவர் எனக்கு போன் செய்திருந்தார். “ஸ்கிரீன்ல வர்றதை அப்படியே போடச் சொல்லுங்க” என்று சொன்னது நான்தான். அது எனக்கு அந்த நிமிஷம் நன்றாக ஞாபகம் இருந்தது... ஆனாலும் நான் லேப்டாப்பைத்தான் திறந்தேன்.

லேப்டாப்பில் கணக்கு சரியாக இருந்தது. வெள்ளை: எம் பன்னிரண்டு, எல் பன்னிரண்டு, எக்ஸ்எல் ஆறு. எஸ் கிடையாது.

“கம்ப்யூட்டர்ல தப்பில்லீங்க. போடறப்ப மாறியிருக்கும்” என்றேன்.

ஹாலில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். மறுநாள் மரகதத்தை நூல் பிசிறு வெட்டுகிற செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. வேறு ஒரு ஆர்டரை என் மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு கலருக்கு ஒரு சைஸ் இல்லை. லேப்டாப்பில் ஒரு கணக்கு, டெஸ்ட் ஸ்கிரீனில் வேறு கணக்கு.

விஷயம் இதுதான். ஆர்டரைப் படிக்கிற என் புரோகிராம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. ஸ்கிரீனை ஓட்டுவது யாரோ எப்போதோ சி மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போனது. ஒன்று சொல்வதை மற்றது புரிந்துகொள்ள நடுவில் ஒரு இணைப்பு வேண்டும். அதை நான் எழுதினேன். சைஸின் பெயரையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம். எதற்கு வளவளவென்று? வெறும் எண்களை வரிசையாக அனுப்பினேன். எஸ் சைஸ் காலியாக இருந்தால் அந்த இடத்தையே என் இணைப்பு விட்டுவிட்டது. நாலு எண்ணுக்குப் பதில் மூன்றுதான் போனது. அந்தப் பக்கம் இருந்த புரோகிராமுக்கு அது எப்படித் தெரியும்? முதலில் வந்ததை எஸ் என்று எடுத்துக்கொண்டது. எம் எண்ணிக்கை எஸ்ஸுக்கு, எல் எண்ணிக்கை எம்முக்கு, எக்ஸ்எல் எண்ணிக்கை எல்லுக்கு. நாலாவது வராததால், முந்தின கலருக்கு வந்த ஆறு என்ற எண் அங்கே மிச்சம் இருந்ததே... அதையே எக்ஸ்எல் என்று காட்டியது. முப்பது பீஸ் போக வேண்டிய இடத்தில் முப்பத்தாறு. பெட்டி எப்படி மூடும்?

சரி செய்ய நாற்பது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு எண்ணோடும் அதன் சைஸ் பெயர். இல்லாத சைஸுக்கு ‘இல்லை’ என்று வெளிப்படையாக ஒரு குறி. மொத்தம் எத்தனை அனுப்பினேன் என்ற எண்ணிக்கை. அது ஒத்துப்போகாவிட்டால் ஸ்கிரீன் எதையும் காட்டாமல் நின்றுவிடும். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் சொன்னேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “சரக்குதான் போயிருச்சில்லங்க, விடுங்க. அந்தம்மாவ மறுபடியும் டேபிளுக்கே வரச் சொல்லிரலாம்” என்றார்.

அவ்வளவுதானா? எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன்.

அங்கிருந்து நேராக மரகதத்தைத் தேடிப் போனேன். மடியில் டி-ஷர்ட்டை வைத்துக்கொண்டு பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று.

கத்தரியைக் கீழே வைத்தார். “என் தப்பு இல்லீன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க சார்.”

நான் தலையை ஆட்டினேன்.

“நீங்க அன்னைக்குச் சொன்னப்ப எல்லாரும் இருந்தாங்கல்லங்க. இன்னைக்கு என் காதுக்கு மட்டும் சொல்றீங்க” என்றார். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

டீ டைமில் எல்லோரும் கூடுகிற பேக்கிங் ஹாலில் போய் நின்றேன்; மரகதமும் இருந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன் இல்லை நான். ஆனால் அன்றைக்கு முதல் வாக்கியத்தையே இரண்டு தடவை ஆரம்பித்தேன். சூப்பர்வைசர் போன் செய்ததையும், நான் சொன்ன பதிலையும், என் புரோகிராமில் இருந்த தப்பையும் சொன்னேன். வடக்கேயிருந்து வந்த பசங்களுக்கு சூப்பர்வைசர் இந்தியில் சொன்னார். நான் சொன்னதை விடக் கொஞ்சம் காரமாகவே சொன்னார் என்று நினைக்கிறேன். நான் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே.

மரகதம் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, “எப்பங்க சார் கண்டுபுடிச்சீங்க?” என்று கேட்டார்.

“இன்னைக்குத்தாங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் பழைய டேபிளுக்குப் போனார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாள் நான் அதைத் தெரிந்துகொண்டு சும்மா இருந்தேன். நாலு நாளும் அவர் பிசிறு வெட்டினார். முப்பது பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்ட வாயால் அதை மட்டும் சொல்ல முடியவில்லை.

இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அவரிடம் நேரில் சொல்லியாக வேண்டும்.