சத்துமாவுக்குத் தொட்டுக்க

பட்டர்புரூட் ஒன்றை இரண்டாகக் கீறி, கொட்டையை ஜன்னல் வழியே தோட்டத்துக்குள் எறிந்துவிட்டு, குழிவிழுந்த இடத்தில் இட்லிப் பொடியை நிரப்புகிறார் பாண்டிச்செல்வி. அதன்மேல் நாலு சொட்டு நல்லெண்ணெய். பிறகு கைப்பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுக்கிறார். நேற்று ஜீப்பில் யாரோ கொடுத்த ஓமப்பொடி. அதையும் நொறுக்கித் தூவிக் கரண்டியால் ஒரு வாய். கண்ணை மூடி, தலையை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து, எதிர்மலையில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர் போலச் சற்று நேரம் நிற்கிறார்.

"சேருது," என்கிறார்.

சில நாள் "சேரல" என்பார். மூன்றாவது தீர்ப்பு அவரிடம் கிடையாது.

வடகவுஞ்சியிலிருந்து ஜீப்பில் இருபது நிமிடம் இறங்கினால் பூசாரிப்பாறை. அறுபது வீடு, ஆரஞ்சும் காப்பியும் சௌசௌப் பந்தலுமாக ஒரு சரிவு. அங்கே ஒரே கட்டடத்தில் பாதி பால்வாடி, பாதி நான் வேலை பார்க்கும் கிளை அஞ்சலகம். நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அதனால் பாண்டிச்செல்வி டீச்சர் எதை எதோடு சேர்க்கிறார் என்பது எனக்கு மூக்கு வழியே முதலில் தெரிந்துவிடும். பிறகு சுவருக்கு மேலே ஒரு கை நீளும். "போஸ்ட்டு சார், வெரசா நாக்க நீட்டுங்க. ஆறிப்போனா தெரியாது."

நான் பழனிக்காரன். எங்கள் வீட்டில் எதற்கு எது என்று முன்பே முடிவாகியிருக்கும். இந்த மலைக்கு வந்த முதல் மாதம் அந்தக் கையைக் கண்டு, தபால் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். இப்போது ஆறு வருடம் ஆகிறது. கை நீளத் தாமதமானால் நானே இருமிக் காட்டுகிறேன்.

டீச்சருக்கு நாற்பத்தாறு வயது. குள்ளம். சேலைக்கு மேலே எந்தக் காலத்திலும் ஒரு மெரூன் ஸ்வெட்டர், இடது கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த டப்பா ஒன்று இருக்கும். வெள்ளனே ஏழரைக்கெல்லாம் வந்துவிடுவார். பிள்ளைகள் ஒன்பது மணிக்கு வருகிறவரை அவருக்குத் தலைக்குமேல் சோலி: கூட்டுவது, முட்டையை எண்ணி வைப்பது, போனில் வருகையை ஏற்றுவது. அந்த போனோடு அவர் போடும் சண்டை தனிக் கதை.

கணவர் குமாரவேல் வடகவுஞ்சிக்கும் பூசாரிப்பாறைக்கும் ஜீப் ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். "அவ தட்டப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது சார். நேத்து பூண்டுக் கொழம்புல ஆரஞ்சுச் சுளையப் போட்டுப் பெசையுறா," என்று என்னிடம் புலம்பினார்.

"நல்லா இருந்துச்சா?"

"நான் எங்க சார் தின்னேன்? ஒரு சுளைதான்," என்றார்.

பண்ணைக்காட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் ஜிலேபி வைத்தார்கள். ரச வாளி வந்ததும் டீச்சர் அந்த ஜிலேபியைக் காட்டினார். பரிமாறியவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

"அக்கா, இது ரசம்."

"தெரியுதுல்ல. ஊத்து."

பக்கத்து இலைக்கார அம்மாள் தன் இலையை நாலு விரல் தள்ளி வைத்துக்கொண்டார். மோர் வருவதற்குள் அந்த அம்மாள் உள்பட மூன்று பேர் ரசத்தைத் திரும்பக் கூப்பிட்டார்கள் என்பது டீச்சர் சொல்வது. ஒருவர்தான் என்பது குமாரவேல் சொல்வது.

தோற்றவையும் நிறைய. காப்பியில் பலாச்சுளை சேரவில்லை. கருவாட்டு வறுவலுக்குத் தேன் சேரவே இல்லை. அன்று வாசலில் படுத்திருந்த நாய்கூட மோந்துவிட்டு எழுந்து போனது. டீச்சர் மனம் தளர்வதில்லை. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "பெருசா ஒண்ணும் இல்ல சார். வாய் ஒண்ணுதான இருக்கு, திங்கிறதுக்கு இத்தன கெடக்கு," என்றார்.

போன ஆகஸ்டில் ஸ்வேதா வந்தாள். மூன்று வயது. தாய் சுகன்யாவுக்கு வேடசந்தூர்ப் பக்கம். கீழே இருக்கிற காப்பித் தோட்டத்தில் வேலையும் தங்க ஓர் அறையும் கிடைத்து ஏறி வந்தவர். தகப்பன் திருப்பூரில் லாரி ஓட்டுகிறார், மாதம் ஒருமுறை வருவார். பிள்ளைக்கு வரும் வழியிலேயே காய்ச்சல் கண்டு இரண்டு வாரம் படுத்திருக்கிறாள். காய்ச்சல் இறங்கிய பிறகும் வாய் திறக்கவில்லை. சோற்றைக் கொண்டுபோனால் உதட்டை உள்ளே மடித்துப் பூட்டிக்கொள்வாள். ஆட்டமும் பேச்சும் குறைவில்லை, சாப்பாடுதான் ஆகாது.

மாத எடைக்கு மேற்பார்வையாளர் லீலா வந்தார். தராசில் ஒன்பது கிலோ எண்ணூறு காட்டியது.

"போன தடவ ஊசி போட்ட அட்டையில பத்து இருநூறு இருக்கு. இப்பக் குறைஞ்சிருக்கு," என்றார் லீலா. "டாக்டர் பார்த்தாரா?"

"பாத்தாருங்க. நோய் ஒண்ணும் இல்ல, சாப்பிட வையுங்கன்னாருங்க," என்றார் சுகன்யா.

"அடுத்த மாசம் பத்தைத் தாண்டலைன்னா பழனி ஆஸ்பத்திரியில சேத்திடணும்மா. பதினாலு நாள் கூடவே இருக்கணும்."

சுகன்யாவின் முகம் மாறியது. "பதினாலு நாள் போனா என் எடத்துல வேற ஆளப் போட்டுருவாங்க மேடம். அந்த ரூம்பும் போயிரும்."

லீலா கடுமையானவர் அல்லர். ஆனால் சட்டம் சட்டம். பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர்தான் குறுக்கே வந்தார். "ஒரு மாசம் இருக்குல்லங்க மேடம். எங்கிட்ட விடுங்க." சொன்ன தோரணையில் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இந்த அம்மாளின் நாக்கை நம்பி ஒரு பிள்ளையின் எடையா?

மறுநாளிலிருந்து பால்வாடியில் சத்துமாவுப் படலம் தொடங்கியது. அரசாங்கம் தருகிற அந்த வெல்லம் கலந்த மாவை வெறும் உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தார். உதடு மடிந்தது. மலைவாழைப்பழத்தைப் பிசைந்து சேர்த்தார். மடிந்தது. தேங்காய்ப்பால், மோர், அவித்த முட்டையின் மஞ்சள் கரு, வறுத்த எள், ஒருநாள் தாட்பூட் என்கிற கொடிப்பழத்தின் புளித்த சாறு. ஒவ்வொன்றையும் முதலில் தாம் தின்று, அடுத்து சுவருக்கு மேலே எனக்கு நீட்டி, அதன் பிறகே பிள்ளையிடம் கொண்டுபோனார். மோர் சேர்த்தது உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான் இரண்டு உருண்டை தின்றேன். ஸ்வேதா ஒன்றைக்கூடத் தொடவில்லை. பத்து நாளில் என் எடைதான் ஏறியிருக்கும்.

பதினோராம் நாள் டீச்சர் ஒன்றும் செய்யவில்லை. விடாத மழை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருக்கும் சத்தம்கூட வரவில்லை. எட்டிப் பார்த்தேன்.

"தோத்துட்டேன் சார்," என்றார். அவர் வாயில் அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டேன். "ஊரெல்லாம் திங்க வச்சேன். இந்த வாய் மட்டும் தொறக்க மாட்டேங்குது."

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு தம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சோறு தீர்ந்துபோய், உள்ளே சட்னி மட்டும் இருந்தது. மரத்தக்காளியைக் கங்கில் சுட்டு, தோலுரித்து, சுட்ட மலைப்பூண்டும் பச்சை மிளகாயும் உப்பும் வைத்து நசுக்கிய சட்னி. புளிப்பும் காரமும் காதுவரை போகும். தொட்டுக்கொள்ள வேறெதுவும் இல்லாததால், ஸ்வேதா வேண்டாமென்று விட்ட சத்துமாவு உருண்டையை எடுத்து அதில் முக்கித் தின்றார். வழக்கம்போலக் கண்ணை மூடினார்.

திறந்தபோது எதிரே ஸ்வேதா நின்றிருந்தாள். ஒரு விரல் சட்னிக்குள் இருந்தது.

"ஏ புள்ள, காரம்! எடு கைய!" என்று டீச்சர் டப்பாவைப் பிடுங்கிப் பின்னால் மறைத்தார். ஊருக்கெல்லாம் நீட்டுகிற கை, என் கண் அறிய முதல்முறையாக ஒன்றை ஒளித்தது.

அவ்வளவுதான். பிள்ளை விரலைச் சப்பினாள். கண்ணில் நீர் முட்டியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னும்," என்றாள். டீச்சர் தராததால் கூரை அதிர அழுதாள். டீச்சர் திகைத்து, உருண்டையில் ஒரு கிள்ளு எடுத்து, சட்னியின் ஓரத்தில் பட்டும் படாமலும் தொட்டு நீட்டினார். உதடு மடியவில்லை. ஒரு கிள்ளு, இரண்டு, முழு உருண்டையும் போனது.

"சார்!" சுவரில் ஓங்கித் தட்டினார். "சார், சேருது சார்!" தபால் முத்திரையை மையோடு மேசையில் போட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் மிளகாயைக் கிட்டத்தட்ட எடுத்துவிட்டு, பூண்டை இன்னும் நன்றாகச் சுட்டு, பிள்ளைகளுக்கென்று தனியாக அரைத்து வந்தார். ஒரு வாரத்தில் பதினோரு பிள்ளைகளும் சத்துமாவுக்குச் சட்னி கேட்டார்கள். பத்தாம் நாள் ஸ்வேதா முட்டையையும் அதில் தொட்டாள், பிறகு பருப்புச் சோற்றையும். "கண்டதத் தின்னு பிள்ளைக்கு என்னமாச்சும் ஆகப் போகுது," என்று கிணற்றடியில் பேச்சு வந்தது. பேசியவர்கள் வீட்டில் மரத்தக்காளி அதற்கு முந்தின வாரமே தீர்ந்திருந்தது.

லீலா சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்பாகவே வந்துவிட்டார். மத்தியான நேரம். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். வரிசையாகப் பதினோரு சிவந்த தாடைகள்.

"என்ன டீச்சர் இது? மெனுவுல சட்னி எங்க இருக்கு?"

"மெனுவுல இல்லீங்க மேடம். வயித்துல இருக்கு."

"விளையாடாதீங்க. இனிப்பு மாவுக்குப் பூண்டுச் சட்னியா? யாராவது திம்பாங்களா?"

டீச்சர் சட்னிக் கிண்ணத்தை எடுத்தார். ஓர் உருண்டையைத் தொட்டு நீட்டினார். லீலா வாங்கி மென்றார். நானும், அப்போதுதான் தோட்டத்திலிருந்து ஓடி வந்த சுகன்யாவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

"எனக்குப் பிடிக்கல," என்றார்.

டீச்சரின் முகம் விழுந்தது. லீலா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா நான் தயிர் சோத்துக்கு மிக்ஸட் புரூட் ஜாம் தொட்டுக்குவேன். எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது."

டீச்சர் சிரித்த சிரிப்பில் பதினோரு பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். ஜீப்பை வெளியே நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்த குமாரவேல், டீத்தூளில் பிரட்டிய வறுகடலையைப் பற்றி ஏதோ ஒப்புக்கொண்டார். நானும் சொல்லிவிட்டேன்: பால் பாயசத்தில் ஊறவைத்த காராச்சேவு. ஐம்பத்திரண்டு வருடத்தில் எவரிடமும் சொல்லாதது. சுகன்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"சரி, தராச எடுங்க," என்றார் லீலா.

ஸ்வேதாவை ஏற்றினார்கள். எண்கள் ஓடி நின்றன. பத்து கிலோ நானூறு.

"ஸ்வெட்டர் போட்டிருக்காளே," என்றார் லீலா.

டீச்சர் குனிந்து ஸ்வெட்டரைக் கழற்றினார். கொலுசையும் தாமாகவே கழற்றித் தாயிடம் கொடுத்தார். மறுபடி ஏற்றினார். பத்து கிலோ இருநூறு. லீலா பேனாவைத் திறந்தார்.

"இருங்க மேடம், எழுதாதீங்க," என்றார் டீச்சர். பிள்ளையின் வலக்கை இறுக மூடியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே சட்னி ஒட்டிய பாதி உருண்டை. அதை வாங்கித் தம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தராசை ஒரு பார்வை பார்த்தார். எண் பத்துக்குக் கீழே போகவில்லை. லீலா எழுதி முடிக்கும்வரை அசையாமல் நின்றார். பிறகு அந்தப் பாதி உருண்டையை அதே சின்னக் கைக்குள் திரும்ப வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார்.