பெரிய எஸ் போட்ட மஞ்சள் சட்டை

என் கணவர் ஸ்கூட்டர் துடைக்க வைத்திருக்கும் மஞ்சள் டி-ஷர்ட்டை நான் கையால் தொடுவதில்லை. வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்துத் துணி நைந்துவிட்டது. நெஞ்சில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் மட்டும் சனியன் மாதிரி அப்படியே இருக்கின்றன. ‘வீ வெயிட் ஃபார் சம்மர்’ என்று நாலு சொல். கோடைக்காகக் காத்திருக்கிறார்களாம்! திருப்பூர் வெயிலில் நின்று பார்த்தால் தெரியும். அந்தச் சம்மரின் எஸ் பெரிய எழுத்து. அதைச் சாக்கு வைத்துத்தான் டீச்சரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

டீச்சர் என்பது எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்த பெயர். சாத்தான்குளம் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவர். கணவர் பனியன் கம்பெனி வேலைக்கு வர, கூடவே வந்து எங்கள் ஆபீஸில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தார். கட்டிங் மெஷினில் கணவருக்குக் கை போன பிறகு, பிள்ளைகள் இரண்டும் வீட்டு வாடகையும் டீச்சர் சம்பளத்தை நம்பித்தான் இருந்தன. முதலாளி என் தாய்மாமன். படிப்பு முடித்த கையோடு டீச்சருக்குப் பக்கத்து மேஜையில் என்னை உட்கார வைத்தார்.

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பிய டிசைனில் சம்மர் சின்ன எழுத்தில்தான் இருந்தது. அது தப்பு என்றேன் நான். டீச்சர் சிரித்தார். “கிழமைக்கும் மாசத்துக்கும் பெரிய எழுத்து உண்டு பிள்ள. பருவத்துக்குக் கிடையாது. வாக்கியம் அதுல தொடங்கணும், இல்ல தலைப்பா, ஒரு கலெக்‌ஷனுக்குப் பேரா வரணும். அப்பந்தான் பெருசு. இத அப்படியே விட்டுரு” என்றார். சொன்னதோடு நிற்காமல் அந்தத் தாளில் கையெழுத்தும் போட்டுப் பிரிண்டிங்குக்கு அனுப்பினார்.

மறுநாளிலிருந்து டீச்சர் சில நாள் லீவு. மாமா பிரிண்ட் சாம்பிளைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையைக்கூட வாங்க போங்க என்போம். அந்த மரியாதையை மாமா ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனார். அவர் எழுதும் மெயிலில் ஆர்டர், ஷிப்மென்ட், பட்டன் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்துதான். “வெள்ளக்காரனுக்கு சம்மருன்னா நம்மளுக்குப் பொங்கலாட்டம் கண்ணு. அதப் போயிச் சின்ன எழுத்துல போடறதா? பெருசு பண்ணச் சொல்லீரு” என்றார். டீச்சர் சொன்ன விதி எனக்குத் தெரியும். ஆனாலும் போனை எடுத்துப் பிரிண்டிங்கில் மாற்றச் சொன்னேன். டீச்சர் திரும்பி வருவதற்குள் மொத்தப் பீஸும் அடித்து முடிந்திருந்தது.

சரக்கைப் பரிசோதிக்க வந்த பையரின் ஆள் டிசைனை வைத்துப் பார்த்துவிட்டு மொத்தமும் வேண்டாம் என்றுவிட்டார். மாமா டீச்சரைக் கூப்பிட்டார். “ஏனுங்க டீச்சரம்மா, இத்தன படிச்சிருக்கீங்க, ஒரு எழுத்து உங்க கண்ணுல படலீங்களா? நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க.” அப்போதுகூட ஒரு ‘ங்க’ குறையவில்லை. பிரிண்டிங்கில் கேட்டதற்கு ஆபீஸிலிருந்து சொன்னார்கள் என்றார்களாம். ஆபீஸ் என்றால் டீச்சர்தானாம். “நாஞ் சின்ன எழுத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டேன் சார்” என்று டீச்சர் தாளை நீட்டினார். மாமா வாங்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்கு வாயில் என்ன, கொழுக்கட்டையா இருந்தது? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். டீச்சர் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “நீ உண்மையச் சொல்லியிருந்தாலும் உன்ன யாரும் போகச் சொல்லியிருக்க மாட்டாவளே, பிள்ள.”

அது நிஜம். முதலாளி வீட்டுப் பெண்ணை யார் அனுப்புவார்கள்? எனக்கு நஷ்டமே இல்லாத ஓர் உண்மையைச் சொல்ல எனக்குத் துப்பில்லை. பையர் தள்ளிய சரக்கில் ஆளுக்கு ஒன்று என்று ஆபீஸில் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமே டீச்சரின் நாற்காலி எனக்கு வந்தது.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு மெயிலில் வின்டருக்குப் பெரிய எழுத்துப் போட்டிருந்தாள். திருத்தினேன். கிழமை, மாசம், பருவம் என்று வரிசையாகச் சொன்னேன்.

“இதெல்லாம் உங்களுக்கு யாருங்க்கா சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டாள்.

“யாருமில்ல கண்ணு. நானாப் படிச்சுக்கிட்டதுதான்” என்றேன்.

வீட்டுக்கு வந்தால் வாசல் கொடியில் அந்த மஞ்சள் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன்.