யாரைக் கேட்டார்

குவைத்தில் தூசிக்காற்று அடிக்கும் நாளில் மத்தியானமே உலகம் டீ நிறத்துக்கு வந்துவிடும். அப்பாசியாவில் எங்களை ஏற்றிக்கொண்ட ஆஸ்பத்திரி பஸ் அந்த டீக்குள் மெதுவாக ஊர்ந்து போகும். நர்ஸுகளில் பாதிப் பேர் தூங்குவோம், மீதிப் பேர் தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருப்போம். நைட் டியூட்டியும் ஈவினிங் டியூட்டியும் மாறி மாறிப் பார்க்கிறவளுக்கு எது தூக்கம், எது விழிப்பு என்று யாராவது பக்கத்தில் நின்று சொன்னால்தான் உண்டு. அதனால் இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சந்தேகம் வருகிறது. ஆனால் நடந்தது நிஜம்தான். அன்று நான் கொண்டுபோன கருவாட்டுத் துவையல் ஸ்டாஃப் ரூம் முழுக்க மணந்து, ஒரு சிஸ்டர் ஜன்னலைத் திறக்கப் போய், தூசியெல்லாம் உள்ளே வந்து, எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கனவில் இவ்வளவு திட்டு விழாது.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரே ஒரு கவலை. மகளுக்கு நாலு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளைக் குமரிக் கடற்கரையில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். அவள் அப்பா பஹ்ரைனில் மீன்பிடி லாஞ்சில் இருக்கிறார். மூன்று பேரும் மூன்று கரையில். மகளுக்கு அக்காதான் அம்மா. நான் ‘குவைத்தம்மா’. போன லீவில் ஊருக்குப் போனபோது பொம்மையை மட்டும் வாங்கிக்கொண்டு அக்காவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றாள். அடுத்த மாதம் மறுபடி லீவு. இந்தத் தடவையாவது என்னிடம் வருவாளா, இல்லை வீடு மாறி வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பாளா? அக்காமேல் எனக்குப் பொறாமை இருந்தது. அதை மறைப்பானேன்.

அன்று சாயங்காலம் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ஒரு குவைத்தி வார்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல ஆகிருதி. மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய வயதான தாயார், கறுப்பு அபாயாவில், தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டிரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நோயாளியின் உதடு அசைந்தது.

“சோறு தா” என்றார்.

என் காதுதான் தூங்குகிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். வார்டில் என்னைத் தவிர வேறு தமிழாள் இல்லை.

“முள்ளு எடுத்துத் தா” என்றார் அவர், கண் மூடியபடியே. குரல் தடித்த ஆண்குரல். கேட்ட விதம் மட்டும் சின்னப் பிள்ளையுடையது.

ஆபரேஷன் ஆனவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. ஆனாலும் சோறு கேட்கிற பிள்ளைக்கு எப்படி இல்லை என்பது? “சூடா இருக்கு மக்ளே, ஆறட்டும்” என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். வாயை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்கக் கரைந்துபோயிருந்தது. எந்த நாட்டில், எந்த வீட்டில், யாருக்கு நான் சோறு ஆறவைக்கிறேன் என்று ஒரு நிமிஷம் எனக்கே பிடிபடவில்லை.

“நீ போகாத” என்றார் மறுபடியும். “மறுகா வருவியா?”

மறுகா என்றால் பிறகு. மட்டக்களப்புப் பேச்சு. எங்கள் ஃபிளாட்டில் இருக்கும் மட்டக்களப்பு அக்காவும் அப்படித்தான் பேசுவார்.

தாயார் மணி உருட்டுவதை நிறுத்தியிருந்தார். எனக்கு ஆஸ்பத்திரி அரபிதான் தெரியும். வலி, மருந்து, சாப்பாடு, குடும்பம், அவ்வளவுதான். அவர் அதற்குள் அடங்குகிற மாதிரி மெதுவாகப் பேசினார். அவர் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். நாள் முழுக்க மற்றவர்களின் பிள்ளைகளோடு இருப்பார். மகன் சிலோன்காரப் பணிப்பெண்ணின் மடியிலேயே வளர்ந்தார். அவள் கையால்தான் சாப்பிடுவார். இவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவள் லீவில் போனாள், திரும்பவில்லை. நாளைக்கு வருவாள், நாளைக்கு வருவாள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். பிறகு இவர் கேட்பதை விட்டுவிட்டார். அவளுடைய பேச்சும் மகனை விட்டுப் போய்விட்டது என்றுதான் தாயார் நினைத்தாராம்.

“மறுகா வருவியா?” மகன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஷிகூல்?” என்றார் தாயார். என்ன சொல்கிறான் என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது. “என்னைக் கேட்கிறானா?”

அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன்.

“ஆமாம் யும்மா. உங்களைத்தான் கேட்கிறார்.”

அவர் எழுந்து மகனின் நெற்றியில் முத்தமிட்டார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அரபியில் சொன்னார், திரும்பத் திரும்ப. மகனுக்கு அது கேட்ட மாதிரித் தெரியவில்லை. நான் பிபி பார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மயக்கம் தெளிந்தது. “தேங்க்யூ சிஸ்டர்” என்றார் சுத்தமான இங்கிலீஷில். நான் மனசு கேட்காமல், “வலிக்குதா?” என்று தமிழில் கேட்டுப் பார்த்தேன். மரியாதையாகப் புன்னகைத்தார், ஒன்றும் புரியாமல். அம்மாவிடம் அரபியில் ஃபோன் சார்ஜர் எங்கே என்று கேட்டார். அவர் பரபரப்பாகக் கைப்பைக்குள் தேட ஆரம்பித்தார்.

டீ பிரேக்கில் ஊருக்கு ஃபோன் போட்டேன். அக்கா எடுத்தாள்.

“பிள்ள என்ன செய்யா?”

“இப்பம்தான் உறங்குனா. இன்னைக்கு கடப்புறத்துல ஒரே ஆட்டம்.”

மற்ற நாளில் இதோடு நிறுத்திவிட்டுச் செலவு, ஸ்கூல் என்று பேச்சை மாற்றிவிடுவேன். அன்று முடியவில்லை.

“என்னக் கேட்டாளாக்கா?”

“பின்ன கேக்காம? எப்பவும் ஒன்னத்தான் கேப்பா.”

அக்கா சட்டென்று சொன்னாள். ஒரு நொடி யோசிக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பதில் சொன்னபோது நானும் யோசிக்கவில்லை.