ஜன்னலில் பிடித்த நெஞ்சுப் படம்

ஹட்டனில் நான் கண்டி ரயில் ஏறியபோது எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். தேயிலை ஃபெக்டரிக்காரர் என்று கோட்டில் படிந்திருந்த தூளே சொன்னது. காதில் செருகிய பீடியை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார், பற்றவைக்க மாட்டார். நான் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். என் மடியில் திருத்தக் கிடந்த பள்ளிப் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்துவிட்டு, பெரிய பழுப்பு உறை ஒன்றை நீட்டினார்.

“வாத்தியாரய்யா, நெஞ்சைப் படம் புடிச்சிருக்காங்க. ஒரு வருசமா இருமல். பீடி இருமல்தானேன்னு விட்டுட்டேங்க. கண்டி டாக்டரு பார்க்கணுமாம். அதுவரைக்கும் மனசு தாங்கலைங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க.”

ஒரு கையால் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கறுத்த நுரையீரல் ஒன்றின் மேல்பக்கத்தில், எலுமிச்சை அளவில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. மற்றதில் அப்படி எதுவும் இல்லை.

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. டாக்டர்தான் சொல்லணும்.”

அவர் என் மறு கையையே பார்த்தார்.

“அப்ப சிகரெட்டை எதுக்குங்க வெளிய வீசுனீங்க?”

விரல்களைப் பார்த்தேன். சிகரெட் இல்லை. வீசியது எனக்கே தெரியவில்லை.

படத்தை உறையில் போட்டு அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அதன்பிறகு சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மனஉறுதி என்று ஊரில் மெச்சுகிறார்கள். வெறும் பயம்.