குளோரி வைத்த சத்தம்

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இனி நுணுக்கமான கைவேலை எதுவும் வேண்டாம்மா" என்றார். நாகர்கோவிலிலிருந்து குளோரி பேருந்தில் இனயத்துக்குத் திரும்பினாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கணவனிடம் சொன்னாள்.

"அந்த ப்ரீ-ஆம்ப நான் செய்யத்தான் போறேன்."

யேசுதாசன் பூட்டில் சாவியை நுழைத்தபடி கேட்டார். "எதக் கொண்டு?"

"கையக் கொண்டு."

அது 2010. அவளுடைய வலது கை அப்போது ஒரு வருடமாக நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்குவாதம் என்று அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்ததில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை.

கட்டுமரக்காரர் மகள். பாலிடெக்னிக்கில் படித்து ஒரு வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். சேர்ந்த புதிதில் ஒரு சீனியர், "கடப்புறத்துப் பொண்ணு, மேசையில மீன் வாடை வருமே" என்று அடுத்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. மறுநாள் ஒரு தூக்குச்சட்டி நிறைய இறால் குழம்பு கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். "நேத்து சொன்ன வாடை இதுதானா சார்?" என்றாள். அவர் தின்றார். ஓய்வு பெறும்வரை குளோரி ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்தாள். வேறு மேசைக்கு யாரும் அவளை மாற்றவில்லை.

ஓய்வு பெற்றபின் அவளுக்கு ஒரே ஆசை. தான் செய்த கருவியில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையால் சத்தம் வைத்துப் பாட்டுக் கேட்க வேண்டும். இல்லாதது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ப்ரீ-ஆம்ப் ஒன்றுதான். ஸ்பீக்கர் இருந்தது, ஆம்ப்ளிபயர் இருந்தது. பழைய ஸ்டூடியோ ஒன்று ஏலம் போனபோது எடுத்த சிடி பிளேயரும் இருந்தது. கடல் வீட்டுக்குப் பின்னால் என்பதால் உப்புக்காற்று எதையும் விட்டு வைக்காது. அதனால் பிளேயரை உள்ளறை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். அங்கிருந்து முன்னறை நாற்காலி வரை வயர் இழுக்க வேண்டும். வழியில் ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருந்தது. சாதாரண வயர் என்றால் அதன் உறுமல் முழுவதும் பாட்டில் ஏறிவிடும்.

அதற்குத்தான் பேலன்ஸ்டு முறை. ஒரே பாட்டை இரண்டு கம்பிகளில் அனுப்புவார்கள். ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் ஏறும் உறுமல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். கடைசியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் உறுமல் போய்விடும், பாட்டு இரண்டு மடங்காக நிற்கும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. சத்தத்தைக் குறைக்கும்போது இரண்டு கம்பியிலும் துல்லியமாக ஒரே அளவு குறைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் கழித்தல் தப்பிப்போகும், உறுமல் மிஞ்சும்.

யேசுதாசனுக்கு இதை அவள் விளக்கியபோது அவர் கேட்டார். "ரெண்டு பேரு கம்பு போட்டு மீன்கூடை சுமக்கது மாதிரியா? ஒருத்தன் தோளு தாழ்ந்தா கூடை வழுக்கும்."

"அதேதான். இனி நீங்களே ஒண்ணு செய்யலாம்."

"எனக்கு என்னத்துக்குட்டி? எனக்கு உனக்க சத்தமே போதும்."

ஸ்டீரியோ என்றால் இந்தப் பக்கம் இரண்டு கம்பி, அந்தப் பக்கம் இரண்டு. நாலையும் ஒன்றாகக் குறைக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் உதிரிபாகக் கடை வைத்திருந்த சுயம்புராஜ் நாலு அடுக்கு வால்யூம் கண்ட்ரோல் ஒன்றை எடுத்துத் தந்தார். "அக்கா, ஒரு தண்டு, நாலு வால்யூம். திருப்பினா நாலும் ஒண்ணாத் திரும்பும்."

அது சும்மா கம்பிகளைச் சேர்க்கிற வேலைதான், எப்படியோ சமாளித்தாள். ஓடவிட்டுப் பார்த்தாள். சத்தம் கூட்டி வைத்தால் சுத்தமாக இருந்தது. அவள் கேட்கிற தாழ்ந்த சத்தத்துக்கு வந்ததும் ஸ்டெபிலைசர் உறுமியது. அடுத்த முறை கடைக்குப் போனபோது அதை மேசைமேல் வைத்தாள்.

"நாலும் ஒண்ணாத்தான் திரும்புது, சுயம்பு. ஒண்ணாக் குறையல்ல."

"விலைக்குத் தக்க சாமானாக்கும் அக்கா."

உறுமலைவிட அவளைக் குடைந்தது இன்னொன்று. அந்தத் தண்டு வழுவழுவென்று திரும்பியது. அவள் விரல் அதைத் தொட்டிருந்த நேரமெல்லாம் வயலின் சத்தம் அலையில் அகப்பட்ட தோணியாக ஏறி இறங்கியது. கையின் நடுக்கம் அப்படியே ஸ்பீக்கரில் கேட்டது. தன் வியாதியைத் தானே உட்கார்ந்து கேட்பதற்கா இவ்வளவும்?

மகள் ஜெனிலா பெங்களூரில் சில்லு வடிவமைக்கும் நிறுவனத்தில் இருந்தாள். அவள் போனில் சொன்னாள். "அம்மா, இதுக்கு ஐ.சி. வந்தாச்சு. நாலு சேனலும் ஒரே சில்லுல. பொருத்தம் அப்படி இருக்கும். ரிமோட்டும் வச்சுக்கலாம். நான் செஞ்சு கொண்டு வாறேன்."

"பொருத்தம் சரிதான். நான் இல்லேங்கல்ல. பட்டன ஒருதடவ அமுக்கினா எனக்க விரலு ஏழுதடவ அமுக்குமே. அதுக்கு உனக்க சில்லு என்ன செய்யும்?"

"அதுக்கும் புரோகிராம்ல வழி இருக்கும்மா. நடுக்கத்தக் கழிச்சிடலாம்."

"கழிச்சா மிச்சம் நானா?"

"பின்ன என்னதான் வேணும்?"

"படி வேணும் மக்கா" என்றாள் குளோரி. "ஸ்டேஷன்ல பழைய மேசையில இருந்துல்லா. டிக் டிக்குன்னு படிபடியா விழும். விரலு ஆடும், படி ஆடாது."

படி வேண்டுமென்றால் ரோட்டரி சுவிட்ச். ஒவ்வொரு படிக்கும் சத்தத்தைத் தடுத்துக் குறைக்கத் தனித்தனி ரெசிஸ்டர். நாலு கம்பிக்கும் வழக்கமான முறையில் செய்தால் நூற்றுக்குப் பக்கம் ரெசிஸ்டர், அதற்கு இரட்டிப்பாகப் பற்றவைப்பு. இந்தக் கைக்கு அது முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஆகவே வேறொரு முறையை எடுத்தாள். ஒவ்வொரு கம்பியிலும் அசையாத ரெசிஸ்டர் ஒன்று. அதைத் தாண்டி, இரு கம்பிகளுக்கும் குறுக்கே பாலம்போல ஒரே ஒரு ரெசிஸ்டர். படிக்குப் படி மாறுவது அந்தப் பாலம் மட்டும். பாலம் இருவருக்கும் பொது என்பதால் ஒருவர் தோள் தாழ வழியில்லை. அசையாத ரெசிஸ்டர்களை மட்டும் அளந்து ஜோடி சேர்த்தால் போதும். வேலை பாதியாகிவிடும்.

ஜெனிலா எச்சரித்தாள். "பாலம் ஒரு நொடி விட்டுப்போச்சுன்னா குறைக்க ஆளில்ல. முழுச் சத்தமும் வந்துரும். உப்புக்காத்து வேற."

"விடாத சுவிட்ச் இருக்கு. அடுத்த படியப் பிடிச்சபொறவுதான் முந்தின படிய விடும். அத வாங்குவேன்."

"உங்கிட்ட ஜெயிக்க முடியாதும்மா."

"பின்ன எதுக்குப் பேசுத?"

சால்டரிங் அயர்னைப் பிடித்த முதல் நாளே புறங்கையில் சூடு வைத்துக்கொண்டாள். மருந்து தடவியபடி முற்றத்தைப் பார்த்தாள். யேசுதாசன் அக்கா மகனுடைய கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வலையின் அடிக்கயிற்றில் கோத்த ஈயக்குண்டுகள் மணலில் வரிசையாகக் கிடந்தன. எழுந்து போய் மிச்சமிருந்த குண்டுகளை முந்தானையில் அள்ளினாள்.

"ஏட்டி, வலைக்கு உள்ள ஈயம் அது. நீ என்ன கடலுல எறங்கப் போறியா?"

"கை மிதக்குதுல்லா. தாழ்த்தணும்."

பழைய சேலைத் துணியில் குண்டுகளை வைத்து அவரையே பட்டையாகத் தைக்கச் சொல்லி மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் கனம் ஏறியதும் வேகம் குறைந்தது. படபடப்பாக இருந்தது மெதுவான ஊசலாக மாறியது. ஊசல் ஒரு முனையில் திரும்பும் கணத்தில் கை நிற்கும். அந்தக் கணத்தில் அயர்னை வைத்து எடுத்தாள். ஒரு நாளைக்கு மூன்று பற்றவைப்பு, நல்ல நாளில் ஐந்து. தோள் வலித்தது. யாராவது எட்டிப் பார்த்தால் முறைத்தாள்.

சுயம்புராஜ் சுவிட்ச் வரவழைத்துத் தந்திருந்தார். விடாத ரகம்தானா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட வேண்டும். முப்பது வருடம் அவள் செய்த வேலை அது. ஆனால் மீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு கையால் பிடித்து அசையாமல் நிறுத்த வேண்டும். முயன்று பார்த்தாள். நிற்கவில்லை. யேசுதாசன் முற்றத்தில்தான் இருந்தார். கூப்பிட்டால் வந்திருப்பார். அவள் கூப்பிடவில்லை. அப்படியே பற்றவைத்துவிட்டாள்.

ஒரு மதியம் எல்லாம் முடிந்தது. நாதஸ்வர சிடி ஒன்றைப் போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆகக் கீழான படியில், மெல்லிய சத்தத்தில், உறுமல் துளிகூட இல்லாமல் பாட்டு வந்தது. கண்ணை மூடிக் கொஞ்சநேரம் கேட்டாள். பிறகு ஒரு படி கூட்டக் கை வைத்தாள். விரல் இரண்டு படிகளுக்கு நடுவில் நின்று ஆடியது.

வீடு அதிர்ந்தது. நாதஸ்வரம் முழு மூச்சில் கத்தியது, நின்றது, கத்தியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த யேசுதாசன் தட்டோடு எழுந்தார். கடற்கரைப் பக்கம் நாய்கள் குரைத்தன. இடது ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்து கரகரத்தபிறகுதான் அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

பக்கத்து வீட்டு சத்தியபாய் ஈரக்கையோடு வாசலில் நின்றாள். "என்ன மைனி, கல்யாணமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"போயி சோத்த வடி. கஞ்சி பொங்கீரும்" என்றாள் குளோரி.

சத்தியபாய் போனபிறகு யேசுதாசன் கிழிந்த கூம்பைக் குனிந்து பார்த்தார். "நான் கிட்டத்தான இருந்தேன்" என்றார். திரும்பப் போய்ச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவர் வலையோடு உட்கார்ந்ததும் மீட்டரைக் கொண்டுபோய் மடியில் வைத்தாள்.

"இந்தா, இதப் பிடியுங்க."

"எங்க?"

"இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. மூச்சு விடலாம், கை ஆடப்பிடாது."

அவர் பிடித்தார். அவள் சுவிட்சைத் திருப்பினாள். ஒவ்வொரு படிக்கும் இடையில் மீட்டர் செத்துச் செத்துப் பிழைத்தது. விடுகிற ரகம்.

சரியான சுவிட்ச் எர்ணாகுளத்திலிருந்து வந்தது. பற்றவைத்த அத்தனையையும் கழற்றி முதலிலிருந்து தொடங்கினாள். அதே ஈயம், அதே ஊசல். இந்த முறை ஒவ்வொரு ரெசிஸ்டரின் காலையும் யேசுதாசன் வலைபொத்தும் விரல்களால் பிடித்துக்கொண்டார். சூடு பட்டபோது கடப்புறத்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். நடந்ததைக் கேட்டு ஜெனிலா சொன்னபடி, சுவிட்சுக்கு வெளியே நிரந்தரமாக ஒரு பாலமும் போட்டாள். உப்பு தின்று சுவிட்ச் விட்டுப்போனாலும் சத்தம் ஒரு அளவுக்குமேல் போகாது. "அது உனக்க ரெசிஸ்டர்" என்று போனில் சொன்னாள். அதற்குமேல் பாராட்டு அவளிடம் கிடையாது.

2011 கிறிஸ்துமஸுக்கு ஜெனிலா வந்தபோது பையில் ஐ.சி. போர்டும் ரிமோட்டும் இருந்தன. அம்மா நாற்காலியில் இருந்தாள். கை ஆடியபடியே குமிழைப் பிடித்தது. டிக். வயலின் ஒரு படி ஏறியது, அங்கேயே நின்றது. கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"கேட்டியா?"

"கேட்டேம்மா."

"பையில என்ன?"

"ஒண்ணுமில்ல. துணி."

பின்னால் விரல்கள் மடங்க மறுத்தன. குமிழ் பிடிபடவில்லை. குளோரி குமிழைக் கழற்றச் சொன்னாள். அந்த இடத்தில் துடுப்பு மரத்திலிருந்து அறுத்த ஒரு சாண் நெம்புகோலை யேசுதாசன் பொருத்தினார். அவள் அதை முன்கையால் தள்ளினாள். அதுவும் முடியாதபோது முழங்கையால். ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீட்டுக்கு வந்த அன்று, படுக்கைக்குப் போகுமுன் நாற்காலியில் உட்காரவைக்கச் சொன்னாள். தோளால் ஒரு தள்ளு தள்ளினாள். இரண்டு படி ஏறியது. ஒருபோதும் அவள் வைத்திராத சத்தம். குறைக்கட்டுமா என்று ஜெனிலா கேட்டாள். குளோரி முறைத்தாள்.

2014 மார்ச்சில், நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் போனாள்.

அடக்கம் முடிந்த வாரத்தில், ஒரு காலை, யேசுதாசன் உள்ளறைக்குப் போய் சிடியைப் போட்டார். நாதஸ்வரம் தெருவரைக்கும் போனது. சத்தியபாய் வாசலில் வந்து நின்றாள். அழுத முகம்.

"அண்ணே, துட்டி வீட்டுல மேளமா? ஊரு என்ன சொல்லும்? கொஞ்சம் குறைச்சு வைங்க."

யேசுதாசன் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது அவ வச்ச சத்தம். குறைக்கணும்னா அவகிட்டப் போயிக் கேளு."