முட்டி வலியும் என் வஞ்சமும்

ஒரு ஆளைப் பழிவாங்க வேண்டும் என்றுதான் நான் உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. பனியன் கம்பெனியில் காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை தையல் மெஷின் ஓட்டுகிறவளுக்கு அந்த ஆசைக்கு நேரம் ஏது?

அந்த ஆள் எங்கள் தையல் லைன் சூப்பர்வைசர். பல்லடம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் மூன்றாவது மாடியில் டீசர்ட்டுக்கு லேபிள் தைத்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்பை மேலே தூக்க வேண்டுமென்றால், மேசைக்கு அடியில் இருக்கும் தட்டை வலது முட்டியால் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். ஒவ்வொரு லேபிளுக்கும் ஒரு தள்ளு. பதினாலு வருஷம் தள்ளினேன். முட்டி என்ன இரும்பா?

வலி தொடங்கிய நாளில் மூட்டுக்கான பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தவரும் அவர்தான். லைன் முழுக்க அவரிடம்தான் சத்துமாவும் பவுடரும் வாங்கும். வாங்குகிறவர்களுக்குக் காற்று வரும் ஜன்னலோரம் மெஷின் கிடைக்கும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். நான் நாலு டப்பா கலக்கிக் குடித்தேன். வெனிலா வாசம் வந்தது, வலி போகவில்லை. ஐந்தாவதை வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

அடுத்த வாரம் ஃபயர் டிரில் வந்தது. தீ பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களுக்குக் காட்டுவதற்காக நடத்தும் ஒத்திகை. எங்கள் கம்பெனியில் தீ எத்தனை மணிக்குப் பிடிக்கும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். பெல் அடிக்கப் பத்து நிமிஷம் முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு படி பக்கத்தில் கூட்டம் நின்றுவிடும். நான் ஒரு மடச்சி, கையிலிருந்த துணி பண்டிலை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். பெல் அடித்த பிறகு எழுந்தால் முட்டி மடங்க மறுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, லைன் ஆட்களில் கடைசியாக மைதானத்துக்கு வந்தவள் நான்.

மறுநாள் மொத்த லைனுக்கும் நடுவில் நின்று அவர் சொன்னார்: "அக்கா, நீங்க இனி மாடி ஏறிச் சிரமப்பட வேண்டாமுங்க. கீழ பிசிறு வெட்டுற எடத்துல உக்காந்துக்கோங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன்."

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். அங்கே ஒருவன் திட்டினால் திட்டுகிறான் என்று தெரியும், பதிலுக்குத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இவர் "ங்க" போட்டு என் மெஷினைப் பிடுங்கினார். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பிசிறு வெட்டுவது என்றால் நாள் முழுக்கத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கத்தரியால் நூல் நறுக்குவது. முட்டி வலிக்காரிக்கு அவர் பார்த்துக் கொடுத்த வேலை அது. மெஷின் ஆள் என்ற பெயரும் போய், ஹெல்ப்பர் ஆனேன். இவரை விடக் கூடாது, அந்த மெஷினில் மறுபடி உட்கார்ந்தே தீர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் பார்த்த டாக்டர், வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார். வெயில் ஏறுவதற்குள் கம்பெனிக்குள் போய் இருட்டிய பிறகு வெளியே வருகிறவளுக்கு வெயில் எங்கே கிடைக்கும்? வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் பொடி, தினம் ஒரு கால்சியம் மாத்திரை எழுதினார். அங்கேயே கை கால் வலிக்குப் பயிற்சி சொல்லித்தரும் அம்மாவிடம் பவுடர் டப்பாவைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் படித்தார்.

"சில பேருக்குக் கேக்குமுங்க, சில பேருக்குக் கேக்காதுங்க. உங்களுக்குக் கேக்கலீன்னா விட்டுருங்க. உங்க தொடையில பலமே இல்லீங்க, அதைப் பாருங்க மொதல்ல."

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கிப் பத்து எண்ண வேண்டும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டும். வாசற்படியில் ஏறி இறங்க வேண்டும். பனியன் வேஸ்ட் துணியில் மணலைக் கட்டி, கணுக்காலில் சுற்றிக்கொண்டு விடிகாலையில் ஆரம்பிப்பேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த ஆளுக்கு ஒரு வசவு. பத்து எண்ணி முடிப்பதற்குள் அவர் வம்சமே என் வாயில் வந்து போகும். "யாரத் திட்டிக்கிட்டு கால ஆட்டுத?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "ஒம்ம இல்ல, தூங்கும்" என்பேன்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது பயிற்சி அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மெஷினைத் தள்ளிய கால் வலதுதானே என்று நான் வலது காலுக்கு மட்டுமே செய்திருந்தேன். இடது கால் துவண்டு கிடந்ததால் படியில் முழு பாரமும் வலதின் மேலேயே விழுந்திருக்கிறது.

"ஏனுங்க்கா, வண்டியில ஒரு சக்கரத்துக்கு மட்டும் காத்தடிச்சா ஓடுமுங்களா?"

இரண்டு காலுக்கும் செய்யத் தொடங்கினேன். வசவு இரட்டிப்பானது. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் முட்டி மடங்கியது. மூன்றாம் மாதத்தில் கம்பியைப் பிடிக்காமல் இறங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனிக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் நொண்டினேன்.

அடுத்த ஃபயர் டிரில் பதினொன்றரைக்கு என்று தெரிந்தது. பதினொன்றேகாலுக்கு, திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்களை நானே கொண்டுபோகிறேன் என்று பண்டிலைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். பெல் அடித்தது. நான் இறங்கிய வேகத்தில் முன்னால் போனவள் ஒதுங்கி வழி விட்டாள். மைதானத்தில் மூன்றாவது மாடிக்கான வரிசையில் போய் நின்றேன்.

ஹெச்ஆர் மேடம் தலை எண்ணினார். ஒரு ஆள் கூடுதலாக வந்தது. மறுபடி எண்ணினார், மறுபடியும் கூடுதல். பெயர் கூப்பிட்டுப் பார்த்து என்னிடம் வந்தார்.

"நீங்க எந்த லைனுங்க?"

"முன்னால மூணாவது மாடி லேபிள் மெஷின். இப்போ கீழ பிசிறு வெட்டுதேன்."

"ஏன் மாத்துனாங்க?"

"எனக்கென்ன தெரியும்? அந்தா வாராரு, அவருகிட்டயே கேளுங்க."

அவர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். மேடம் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை. "அக்காவால படி எறங்க முடியாதுங்க மேடம், அதனாலதானுங்க..."

"உங்களுக்கு முன்னாடியே வந்துட்டாங்களேங்க!" என்று வரிசையில் ஒரு குரல். மைதானமே சிரித்தது.

ஆட்களை எல்லாம் இறக்கிவிட்டு சூப்பர்வைசர் கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்பது டிரில் விதி. அது எனக்கும் தெரியும், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. நான் சொல்வேனா?

மேடம் அங்கேயே என் பெயரை மூன்றாவது மாடிப் பட்டியலில் எழுதினார். திங்கட்கிழமை மெஷின் என்னுடையது. முதல் பண்டில் முடிவதற்குள் வலது முட்டியில் சுருக்கென்றது. லைன் கோடியில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"வலி இருக்குதுங்களாக்கா?"

"துளி இல்லீங்க" என்றேன், லைன் முழுக்கக் கேட்கும்படி.

அன்று முழுக்க முட்டியைத் தள்ளும்போதெல்லாம் வலித்தது. வலித்த ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.