ஒன்பது என்று எண்ணியவள்

யாராவது ஏணியில் ஏறினால் போதும், டெல்லா ஹாஸ்கெட் போய் அவர்களுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். பதிமூன்று வருடமாக ஊர் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மளிகைக் கடைக்காரர் மேல்தட்டிலிருந்து டப்பா எடுக்க முக்காலியில் ஏறினாலும் சரி, பாதிரியாரின் மனைவி நாற்காலி மேல் நின்று திரைச்சீலை மாட்டினாலும் சரி, இவள் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் பின்னால் வந்து, இரண்டு கைகளையும் மார்பு உயரத்துக்குத் தூக்கி, அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். ஏறியவர் இறங்கியதும் போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பயந்துபோவார்கள். பழையவர்கள் "அவ அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அது ஏன் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைப் பேச யாருக்கும் பிரியமில்லை.

மெஸ்கிட் வெல்ஸ் என்ற அந்தச் சிற்றூரில் பருத்தியும் காற்றும் போக மிச்சமிருந்தது ரெட் மெசா சியர் ஜிம் ஒன்றுதான். பழைய பருத்திக் கிடங்குக்குள் நீல மெத்தை விரித்திருந்தார்கள். பந்தாட்ட மைதானத்தின் ஓரத்தில் நின்று குஞ்சம் ஆட்டுகிற சியர் அல்ல இது. இருபது பெண்கள், இரண்டரை நிமிஷம். கரணம் அடிப்பது, ஆள் மேல் ஆள் ஏறுவது, ஒருத்தியைக் கூரைக்கு எறிந்து திரும்பப் பிடிப்பது. எறியப்படுகிறவளுக்கு ஃப்ளையர் என்று பெயர். கீழே இரண்டு பேர் கைகளைப் பின்னி அவளைத் தாங்குவார்கள். நான்காமவள் பின்னால் நிற்பாள். பார்க்கிறவர்களுக்கு அவள் முகமே தெரியாது. மேலே போனவளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, அவள் தலை தரையில் படக் கூடாது. வேலை அவ்வளவுதான். விழுந்தால் முதலில் தரையில் கிடப்பது பின்னால் நின்றவளாக இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

டெல்லா மாதிரி ஒரு கூச்சக்காரிக்கு அளவெடுத்துத் தைத்த இடம் அது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, நெடுஞ்சாலை மோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கப் போனவள். ஜிம்மில் கட்டணத்துக்குப் பதிலாக மெத்தைகளைத் துடைத்துக் கொடுத்தாள். அவளுடைய ஃப்ளையர் மார்லி கின்கெய்ட், பல் வைத்தியரின் ஒரே மகள். ஆறு வருடம் அவள் முதுகையும் குதிகாலையும் பார்த்தே டெல்லா வளர்ந்தாள். மார்லி மூச்சு விடுகிற விதத்தை வைத்தே இன்றைக்குத் தூங்கினாளா, அம்மாவோடு சண்டையா என்று சொல்லிவிடுவாள். யாரும் கேட்காததால் சொன்னதில்லை.

பாட்டின் தாளம் எட்டு எட்டாக வருவதால் அந்தக் கிடங்குக்குள் எண்ணிக்கை எட்டோடு முடிந்துவிடும். எட்டுக்குப் பிறகு மறுபடி ஒன்று. நாலு வயதுக் குழந்தைகள்கூட அப்படித்தான் எண்ணும். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு டீச்சர் ஒருமுறை கோச் ரெனிடாவைத் தேடி வந்துவிட்டாள். "உங்க பிள்ளைங்களுக்கு ஒன்பது, பத்தெல்லாம் நான் முதல்லேர்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கு." கோச் சிரித்துவிட்டுச் சொன்னாராம்: "எங்களுக்குத் தேவைப்படல டீச்சர்."

டெல்லாவுக்குப் பதினெட்டு நடந்த வருடம் டாலஸ் சாம்பியன்ஷிப்புக்குத் தேர்வானார்கள். வயது வரம்பில் அவளுக்கும் மார்லிக்கும் அதுதான் கடைசி வருடம். ஜெயிக்கிற அணிக்கு வெள்ளை ஜாக்கெட் தருவார்கள். மெஸ்கிட் வெல்ஸுக்கு அது வந்ததே இல்லை. ஜாக்கெட் என்ற வார்த்தையைப் போகிற வழியில் யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் கிடைக்காமல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. சொன்னவள் பஸ்ஸை நிறுத்தி இறங்கி அதை மூன்று சுற்று சுற்றி ஓட வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை வானம் காலையிலிருந்தே செம்பழுப்பாக இருந்தது. பஸ் கண்ணாடியில் மண் பொடிப்பொடியாக அடித்தது. தாங்குகிறவர்களில் ஒருத்தியான கோரின், பெட்ரோல் பங்க்கில் வாங்கிய ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தபடி, "எனக்குக் குளுருது. போட்டுக்க ஒரு ஜா..." என்று இழுத்தாள்.

"சொன்னா!" என்று பஸ் முழுக்கக் கத்தியது.

"முழுசாச் சொல்லலடி!"

"பாதிக்கு ஒன்றரைச் சுத்து. எறங்குடி," என்றாள் மார்லி.

கோரின் அந்த மண்காற்றில் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றரைச் சுற்று ஓடினாள். எல்லோரும் சிரித்தார்கள். டெல்லாவும் சிரித்தாள். ஆனால் மார்லி சிரிக்கும்போது கையை முழங்காலுக்கடியில் வைத்து நெரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். அப்படிச் செய்தால் மார்லிக்கு உள்ளுக்குள் ஏதோ உதறுகிறது என்று அர்த்தம்.

சனிக்கிழமை நன்றாகவே போனது. இரண்டாமிடம். முதலிடத்துக்கும் இவர்களுக்கும் அரைப் புள்ளிகூட வித்தியாசமில்லை. ஞாயிறு இறுதிச் சுற்றில் பிசகில்லாமல் செய்துவிட்டால் ஜாக்கெட் கைக்கெட்டுகிற தூரம்தான். விடுதி வராந்தாவில் கோச் ரெனிடா எல்லோரையும் கைகோக்கச் சொல்லி ஜெபம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மேடையேறுவதற்குச் சற்று முன், ஒத்திகைக் கூடத்தில் கறுப்புத் திரைகளுக்கு நடுவே மூன்று மெத்தைகள். ஒவ்வொன்றுக்கும் சில நிமிஷம்; சிவப்பு எண்களில் கடிகாரம் குறைந்துகொண்டே வரும். முடிந்ததும் காதில் கருவி மாட்டிய ஆள் அடுத்த மெத்தைக்குத் தள்ளிவிடுவான். மூன்றாவது மெத்தையில் ஒரு நிமிஷம் மிச்சமிருந்தபோது மார்லியை எறிந்தார்கள். போகும்போது நேராகத்தான் போனாள். வரும்போது அரை முழம் இடதுபக்கம் சாய்ந்தாள். டெல்லா பாய்ந்து தோளை வாங்கிவிட்டாள். ஆனால் கோரினின் முழங்கை மேலே வந்தது. கதவை ஒருவர் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் கேட்குமே, அப்படி ஒரு சத்தம். மார்லிக்குக் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டில்.

"ஐயோ, என் முழங்கை!" என்றாள் கோரின். "யார் மேல இடிச்சேன்? டெல்லா, உன் மேலயா?"

"ஆமா, அவ மேலதான்," என்றாள் மார்லி சட்டென்று. முகத்தில் மேடைச் சிரிப்பு அப்படியே இருந்தது.

கோச் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது அடி தள்ளி ஆரஞ்சு நாற்காலியில் முதலுதவிக்காரர் உட்கார்ந்திருந்தார். தலையில் அடிபட்டால் அவரிடம் போக வேண்டும் என்பது விதி. போனவளை அன்றைக்கு அவர் திருப்பி அனுப்பமாட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மார்லி டெல்லாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒண்ணுமில்லடி. லேசாத்தான் பட்டுது."

"அவர்கிட்ட..."

"வாயத் தெறந்தேன்னா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்கமாட்டேன். பதினாலு வருஷம்டி டெல்லா. உனக்குப் போனா என்ன போகுது? நாளைக்கு நீ பாட்டுக்கு விரிப்புத் துவைக்கப் போயிடுவ."

டெல்லா வாயை மூடிக்கொண்டாள். அவள் கெட்டிக்காரத்தனமே வாயை மூடிக்கொள்வதில்தான் இருந்தது.

மேடைத் திரைக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். முன்னால் போன அணியின் பாட்டு இடித்துக்கொண்டிருந்தது. காலடியில் தரை அதிர்ந்தது. மார்லியின் தலை ரிப்பனை டெல்லா இறுக்கிக் கட்டினாள். ஒவ்வொரு முறையும் அப்போது மார்லி தனக்குத்தானே மெல்ல எண்ணிக்கொள்வாள். அன்றைக்கும் எண்ணினாள்.

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது."

டெல்லாவின் விரல்கள் ரிப்பனிலேயே நின்றுவிட்டன. பாட்டுச் சத்தத்தில் தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்தாள். காதைக் கிட்டே வைத்தாள்.

"ஏழு, எட்டு, ஒன்பது."

வேறு யார் கேட்டிருந்தாலும் அதில் ஒரு தப்பும் தெரிந்திருக்காது. எட்டுக்கு அப்புறம் ஒன்பதுதானே. நாலு வயதிலிருந்து எட்டோடு திரும்பிய வாய் அது. அந்த வாயில் ஒன்பது வந்ததும் டெல்லா ரிப்பனைப் பாதியில் விட்டாள்.

கோச்சிடம் போனாள். "கோச்..."

"இப்ப பேச்சு வேணாம் கண்ணு. மூச்சை மிச்சம் பண்ணு."

"மார்லி வந்து..."

"தெரியும், பதட்டமா இருக்கா. நீ பின்னால இருக்கியே, எனக்கென்ன கவலை?" கோச் அவள் கன்னத்தில் தட்டினார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

டெல்லா தன்னைச் சுற்றி இருந்த பத்தொன்பது முகங்களையும் அவற்றில் பூசியிருந்த மினுக்கையும் பார்த்தாள். சொல்லாமலே வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றாள். காதில் கருவி மாட்டியவன் திரையைத் தூக்கினான்.

வெளிச்சம் கண்ணில் குத்தியது. பாட்டு தொடங்கியது. முதல் தூக்கல் சரியாக வந்தது. மார்லி ஒற்றைக்காலில் நின்று கையை விரித்தாள், கூட்டம் ஆர்ப்பரித்தது. டெல்லா அவள் கணுக்காலைப் பிடித்திருந்தாள். உள்ளங்கைக்குள் அந்தக் கால் நடுங்கியது. இறங்கியதும் மார்லி வலதுபக்கம் ஓட வேண்டும். இடதுபக்கம் இரண்டு அடி வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. நாட்டாமை பண்ணுகிற மூளை எங்கேயோ போய்விட்டு முகத்தை மட்டும் காவலுக்கு விட்டுப் போனமாதிரி இருந்தது.

ஒரு நிமிஷம் ஐம்பதாவது நொடியில் பெரிய எறிதல். நான்கு ஃப்ளையர்களும் ஒரே சமயத்தில் மேலே போக வேண்டும். கோரினும் இன்னொருத்தியும் கைகளைப் பின்னினார்கள். மார்லி அதன் மேல் கால் வைத்தாள். டெல்லா பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தாள்.

ஒன்று, இரண்டு, குனி. மூன்று, தூக்கு.

டெல்லா தூக்கவில்லை. இரண்டு கைகளாலும் மார்லியின் இடுப்பை வளைத்துத் தன் மார்போடு சேர்த்து இழுத்துக்கொண்டாள். கீழே தாங்கியவர்களின் கைகள் வெறுமையாக மேலே போயின. மற்ற மூன்று பேரும் காற்றில் சுழன்று மின்னிவிட்டு இறங்கினார்கள். கூடம் முழுக்க "அச்சச்சோ" என்று ஒரே குரல் எழுந்தது.

மார்லி சிரித்த முகத்தோடு பல்லிடுக்கில் சொன்னாள்: "விடுடி நாயே. விடு."

டெல்லா விடவில்லை. மூன்று முறை எட்டு எண்ணி முடிகிறவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று கேமராக்கள் அதைப் படம்பிடித்தன.

வெளியே நடைகூடத்தில் யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. கோரின் சுவரில் தலையை முட்டி அழுதாள். கோச் ரெனிடா வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. தப்பிக்க ஒரு வழி வைத்துத்தான் கேட்டார். "கை வழுக்கிடுச்சா கண்ணு?"

"வழுக்கல கோச்."

"பின்ன?"

"அவ ஒன்பது எண்ணினா."

கோச்சின் முகம் மாறியது. மார்லியிடம் திரும்பினார். "எண்ணு."

மார்லி கண்ணீரும் ஆத்திரமுமாக நிமிர்ந்து நின்று, ஒவ்வொன்றாக அழுத்திச் சொன்னாள்: "அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. போதுமா? கேட்டீங்களா எல்லாரும்? பொறாமைக்காரி! என் காலைப் பிடிச்சே பொழைச்சவ, கடைசில வாரிவிட்டுட்டா."

"ச்சீ," என்றாள் யாரோ ஒருத்தி. டெல்லா தரையைப் பார்த்தாள். தனக்குத்தான் பைத்தியமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கோச் மார்லியின் தோளைத் தொட்டு, "சரி விடும்மா. போய் ட்ரெஸ் மாத்து," என்றார்.

"எதுக்கு மாத்தணும்?" என்றாள் மார்லி. "இது ஒத்திகைதானே? ஃபைனல் நாளைக்குத்தானே, ஞாயித்துக்கெழம?"

நடைகூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மார்லி வாந்தி எடுத்தாள். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. அன்று சாயங்காலமே திறந்து எடுத்தார்கள். இன்னொரு தரம் எறிந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, மார்லியின் அம்மாவைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மா டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று கோச் நினைத்தார்.

"அடிபட்டது உனக்கு எப்ப தெரியும்?"

"ஒத்திகையில."

"அதுலேர்ந்து எவ்வளவு நேரம் சும்மா இருந்த?"

டெல்லா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியவில்லை. "இருபது நிமிஷம் இருக்கும்."

"இருபது நிமிஷம்," என்றாள் அந்த அம்மா. அப்புறம் அவளிடம் பேசவே இல்லை.

மார்லி பிழைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் நினைவுக்குத் திரும்பவில்லை. அடிபட்டதோ, ஒன்பது எண்ணியதோ, நடைகூடத்தில் பேசியதோ, ஒன்றும் தெரியாது. அவளிடம் இருப்பதெல்லாம் அந்த வீடியோதான். அதில் அவள் அழகாகச் சிரித்துக்கொண்டு பறக்கத் தயாராக நிற்கிறாள். பின்னாலிருந்து ஒருத்தி திருடிபோல இரண்டு கைகளால் வளைத்துக் கீழே இழுக்கிறாள். சொன்னால் நம்புகிறாள்தான், டாக்டர் காகிதங்கள் இருக்கின்றனவே. ஆனாலும் கண் பார்த்ததை மனசு விடுவதில்லை. ஊருக்கும் அப்படித்தான். வராமல் போன ஜாக்கெட்டையும் அந்த அரைப் புள்ளியையும் அது இன்னும் மறக்கவில்லை.

டெல்லா ஊரைவிட்டுப் போகவில்லை. போக இடமும் இல்லை. மோட்டலை விட்டுவிட்டு மாவட்ட ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை, மார்லியின் அம்மாவைத் தவிர. கோச் ரெனிடா ஒரு கிறிஸ்துமஸுக்குப் பன்றித்தொடையும் ஒரு வாழ்த்து அட்டையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

இப்போது டெல்லாவுக்கு முப்பத்தொன்று. மார்லி இரண்டு தெரு தள்ளி முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். வலது கையில் கத்தரிக்கோல் நிற்காததால் இடது கையால் வெட்டப் பழகிக்கொண்டாள். இருவரும் பேசுவதில்லை. மார்லியின் மகளுக்கு ஆறு வயது. போன ஆகஸ்டிலிருந்து ரெட் மெசாவில் ஃப்ளையராக ஏறுகிறாள். புதன், வெள்ளி பயிற்சி. அந்த இரண்டு நாளும் டெல்லா கிடங்குக்குள் வந்து, இரண்டு கைகளையும் மார்பு உயரத்துக்குத் தூக்கி, அந்தக் குழந்தைக்குப் பின்னால் நிற்கிறாள்.